யூவி-சி விளக்கு: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. ஜன்னலே இல்லாத இரண்டு மீட்டிங் ரூம், ஒரு வரவேற்பறை, மூன்றிலும் சுவரில் மாட்டும் யூவி-சி விளக்கு, அதாவது காற்றில் உள்ள கிருமியை அடிக்கிற புற ஊதாக் கதிர் விளக்கு, போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், ஆனால் ஆட்கள் மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று மீட்டர் வைத்து அளந்து காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

இது அறை முழுக்க அடிக்கிற விளக்கு இல்லை. தரையிலிருந்து ஏழடிக்கு மேலே மாட்டுவார்கள், முன்பக்கம் கறுப்புத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், அந்த இடுக்கு வழியாகக் கதிர் படுக்கைவாட்டில் மட்டும் போகும். கீழே ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், மேலே ஏறுகிற காற்றில் உள்ள கிருமி அங்கேயே அடிபடும். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தக் கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைப்பதால் அதனால் பெருக முடியாது. இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை, 1930களின் கடைசியிலேயே வில்லியம் வெல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கத்துப் பள்ளிகளில் இதை மாட்டினார், 1941இல் தட்டம்மை பரவியபோது விளக்கு இருந்த வகுப்புகளில் பாதிப்பு குறைவாக இருந்தது.

வரவேற்பறையில் முதலில் மாட்டிக் கொடுத்தவர் எதையும் அளக்கவில்லை. மறுநாள் காலை வரவேற்பில் இருக்கும் பெண் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றார், இரண்டு கண்ணும் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. நான் பயந்துபோய் உடனே விளக்கை அணைத்தேன். இரண்டு நாளில் அவருக்குச் சரியாகிவிட்டது, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வேறொருவரை வரவழைத்து அளந்தபோதுதான் தெரிந்தது, எதிரே கூரையை ஒட்டி ஓடுகிற பளபளப்பான அலுமினியக் குழாயில் பட்டுக் கதிர் நேராக அவர் நாற்காலிக்கு இறங்கியிருக்கிறது! எட்டு மணி நேரம் உட்காருகிற இடத்தில் கண் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோவாட்டைத் தாண்டக் கூடாது. குழாய்க்கு மங்கலான பெயின்ட் அடித்து, விளக்கின் கோணத்தை மாற்றி, உட்கார்ந்தும் நின்றும் அளந்த பிறகுதான் திரும்பப் போட்டோம்.

அப்புறம் பராமரிப்பு. டியூபில் தூசி படிந்தால் கதிர் குறையும், ஆனால் நீல வெளிச்சம் அப்படியே தெரியும், அதனால் கண்ணால் பார்த்து நல்லா எரிகிறது என்று நம்பாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கிறோம். எங்கள் டியூபுக்கு ஆயுள் சுமார் 9,000 மணி நேரம், விடாமல் எரிந்தால் ஒரு வருடம். உள்ளே பாதரசம் இருப்பதால் பழையதைக் குப்பையில் போடக் கூடாது. மீட்டிங் ரூம் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கடிகாரம் சில மாதத்தில் மஞ்சளாகி விளிம்பில் விரிசல் விட்டுவிட்டது, மேலே அப்படி எதையும் வைக்காதீர்கள்.

காற்று மேலும் கீழும் கலந்தால்தான் பலன், மின்விசிறி மெதுவாகவாவது ஓட வேண்டும். மேசையை இது சுத்தம் செய்யாது, வெளிக்காற்று வரும் வழியை அடைக்கவும் இது சாக்கு இல்லை. மூச்சுக்கு ஆகாத ஓசோன் வாயுவை வெளிவிடாத டியூப்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கூரையில் பல்பு மாற்ற ஏறுகிறவர் முகம் நேராகக் கதிருக்குள் போகும், அதற்காக ஸ்விட்சைக் கதவோரமே பூட்டு வைத்து மாட்டி, ஏணியிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: முதலில் விளக்கை அணை.