டொமைன் வாங்கி சர்வரோடு இணைத்துத் தருகிறோம் என்று பேக்கேஜ் பேசுபவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

சின்ன அளவில் தொழில் செய்து, சொந்தமாக ஒரு வெப்சைட்டோ ஆர்டர் எடுக்கும் ஆப்போ வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. டொமைன் (வெப்சைட்டின் பெயர் முகவரி) வாங்கி, சர்வரோடு இணைத்து, பூட்டுக்குறியும் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்சிகள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. எல்லோரையும் குறை சொல்லவில்லை. எங்களுக்கு வாய்த்தது மோசமானது, அவ்வளவுதான். பெயரைப் போடப் போவதில்லை, இன்பாக்ஸில் கேட்டாலும் கிடைக்காது, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார்.

எங்களுக்குக் கரூரில் பெட்ஷீட், மேசை விரிப்பு, கிச்சன் டவல் வியாபாரம். மொத்தமாக எடுக்கும் கடைக்காரர்கள் டிசைன் பார்த்து ஆர்டர் போடுவதற்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் ஒரு வெப் ஆப் எழுதி, மாத வாடகை சர்வர் ஒன்றில் ஓட விட்டிருந்தான். நன்றாகவே ஓடியது. என்ன, முகவரி வெறும் எண்: நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள், கடைசியில் ஒரு கோலன் போட்டு 3000. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சேலத்துக் கடைக்காரர் “இதென்னங்க, வைரஸ் லிங்க்கா?” என்று கேட்கிறார். பையனுக்கு அங்கே வேலை நெருக்கடி. விசிட்டிங் கார்டு அடிக்கப் போன இடத்தில் ஒரு ஏஜென்சியைக் கைகாட்டினார்கள். டொமைன், ‘சர்வர் மேப்பிங்’ (பெயரை சர்வரோடு இணைப்பது), எஸ்எஸ்எல் (பூட்டுக்குறி வருவதற்கான சான்றிதழ்) மூன்றும் சேர்த்து 9,500 ரூபாய், அதில் எஸ்எஸ்எல்லுக்கு மட்டும் 2,500. ஜிபேயில் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு, சாயங்காலமே போன் செய்து “லைவ் ஆயிடுச்சு சார்” என்றார்கள்.

பார்த்தால் உண்மையிலேயே பெயர் போட்டால் ஆப் திறக்கிறது. கார்டு, அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் எல்லாம் அந்தப் பெயரில் அடித்தாயிற்று. அப்புறம்தான் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. உள்ளே எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலே முகவரி மாறவே மாட்டேன் என்கிறது, அதனால் ஒரு குறிப்பிட்ட டிசைனின் லிங்க்கை காப்பி செய்து அனுப்பினால் வாங்குபவருக்கு முதல் பக்கம்தான் திறக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்களால் லாகின் ஆகவே முடியவில்லை, பாஸ்வேர்டு போட்டதும் திரும்ப லாகின் பக்கமே வருகிறது. பூட்டுக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ‘பாதுகாப்பற்றது’ என்று இருக்கிறது. ஏஜென்சிக்குப் போன் செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “ப்ரொபகேஷன் சார், 72 மணி நேரம் ஆகும்.” அதாவது மாற்றம் இணையம் முழுக்கப் பரவ வேண்டுமாம். 72 மணி நேரம் முடிந்து கேட்டால், உங்கள் ஆப்பில்தான் பக் என்று பையன் மேல் பழி.

பையன் ஊருக்கு வந்தபோது லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து ரைட் கிளிக் செய்து சோர்ஸை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கோடைக் காட்டினான். எங்கள் டிசைன், விலைப்பட்டியல் ஒன்றுமே அதில் இல்லை. ஒரு தலைப்பு, வேறொரு பக்கத்தை உள்ளே காட்டும் ஒரு ஃப்ரேம், அந்த ஃப்ரேமுக்குள் பழைய எண் முகவரி, அதே கோலன் 3000-உடன். “அண்ணா, இவங்க டொமைனை சர்வருக்குத் திருப்பவே இல்லைங்க. மாஸ்க்கிங் ஃபார்வேர்டு போட்டு மேல பேரை மட்டும் ஒட்டி வெச்சிருக்காங்க” என்றான். ஐபோன் சிக்கலும் இதனால்தான். வேறு முகவரியிலிருந்து ஃப்ரேமுக்குள் வரும் பக்கத்தின் குக்கீயை (லாகின் ஆனதை நினைவில் வைக்கும் சின்னக் குறிப்பு) ஐபோனின் சஃபாரி ப்ரௌசர் 2020-இலிருந்து முழுதாகவே தடுத்துவிடுகிறது, பிறகு லாகின் எப்படி நிற்கும்? எஸ்எஸ்எல் எங்கே என்று தேடினால் சான்றிதழே எடுக்கவில்லை. 2,500 ரூபாய் சுத்தமாகக் காற்றில் போயிற்று.

முறையாகச் செய்தால் என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பெரிய வித்தை மாதிரி காட்டித்தான் பணம் பறிக்கிறார்கள். டொமைன் வாங்கிய கணக்கில் டிஎன்எஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைக்கும் இடம். அதில் ஏ ரெக்கார்டு ஒன்று போட்டு சர்வரின் ஐபி எண்ணைக் கொடுக்க வேண்டும், முன்னால் மூன்று டபிள்யூ போட்டுத் திறப்பவர்களுக்காக இன்னொரு வரி. போர்ட் எண்ணை, அதாவது கோலனுக்குப் பின்னால் வரும் 3000-ஐ, அதில் போட முடியாது. அதற்கு சர்வரில் என்ஜின்எக்ஸ் மாதிரி ஒரு வெப் சர்வர் மென்பொருளை வைத்து, இந்தப் பெயரில் வருபவரை உள்ளே 3000-க்கு அனுப்பு என்று சொல்ல வேண்டும். சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. 90 நாளுக்கு ஒன்று, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்து வைக்கலாம். ஏ ரெக்கார்டில் செய்யும் மாற்றம் அதற்கு வைத்திருக்கும் டிடிஎல்லை (பழைய விவரத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற கணக்கு) பொறுத்து நிமிடங்களிலோ ஒரு சில மணி நேரத்திலோ பரவிவிடும். இந்த ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால்தான் 48 மணி நேரம் வரை இழுக்கும். 72 மணி நேரம் என்று யாராவது சொன்னால், எந்த ரெக்கார்டை மாற்றினீர்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்று கேளுங்கள்.

சரி, லாகின் கொடுங்கள், நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றோம். அங்கேதான் உண்மையான அடி. டொமைன் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்று காட்டும் ஹூஇஸில் போட்டுப் பார்த்தால் டொமைனின் உரிமையாளர் என்று ஏஜென்சியின் பெயரே இருக்கிறது. காசு கொடுத்து நிலம் வாங்கிய பிறகு பத்திரம் புரோக்கர் பெயரில் இருந்தால் எப்படியோ, அப்படி. வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ஆத் கோடு வேண்டும் என்றால் ‘ரிலீஸ் சார்ஜ்’ 8,000 என்றார்கள். டாட் காம் பெயருக்கு, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பான ஐகானின் விதிப்படி, உரிமையாளர் கேட்ட 5 நாளுக்குள் பதிவு நிறுவனம் அந்தக் கோடைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஏட்டில் உரிமையாளர் நாங்கள் இல்லையே, பதிவு நிறுவனம் எங்களுக்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? பேசிப் பார்த்தோம், சத்தம் போட்டும் பார்த்தோம். “பேக்கேஜ்ல எல்லாமே எங்க அக்கவுண்ட்லதான் சார் இருக்கும், பாலிசி அது” என்று முடித்துவிட்டார்கள். 9,500 வாங்கிய பில்லில் அப்படி ஒரு வரி கூடக் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து வைத்திருக்கிறோம்.

8,000 அழுவதற்குப் பதில், டாட் இன்னில் புதுப் பெயர் ஒன்றை எங்கள் கடையின் பெயர், எங்கள் மெயில், எங்கள் போன் எண் போட்டு வாங்கினோம். டீ குடித்துவிட்டு உட்கார்ந்த பையன் சாப்பாட்டு நேரத்துக்குள் பூட்டுக்குறி வரை முடித்துக் கொடுத்தான். 3000 போர்ட்டையும் வெளியிலிருந்து யாரும் தொடாதபடி அடைத்துவிட்டான், அதனால் பழைய பெயரில் போனால் இப்போது வெறும் வெள்ளைப் பக்கம். ஸ்டிக்கர் செலவு தண்டம், பெட்டிகளில் பழையதன் மேலேயே புதியதை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பேக்கேஜ் பேசும்போதே, டொமைன் யார் பெயரில் பதியப்படும், லாகின் யார் கையில் இருக்கும், ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பதிந்த அன்றே ஹூஇஸில் பாருங்கள். பிரைவசி போட்டு விவரத்தை மறைத்திருந்தால், கணக்கையே உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஏஜென்சியிடமிருந்து ரினியூவல் 6,000 என்று மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது. கட்டப்போவதில்லை. ஆனால் காலாவதியான டாட் காம் பெயர், மீட்டெடுக்கும் கெடுவெல்லாம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கும்படி சந்தைக்கு வந்துவிடும். எங்கள் பெயரில் பக்கம் போட்டு யாராவது அட்வான்ஸ் வாங்கினாலும் கேட்க நாதியில்லை. எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் இதைப் படித்தால், டாட் காம் என்று போட்ட பழைய கார்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், புது முகவரியை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.