கல்லூரியில் படித்த புராஜெக்ட் மேனேஜ்மெண்ட்: சைட்டில் 11 ஆண்டு பயன்படுத்திய பிறகு

2014-இல் மதுரையில் சிவில் முடித்தேன். கடைசி ஆண்டில் விருப்பப் பாடமாகக் கட்டுமானத் திட்ட மேலாண்மையை எடுத்தேன். டிசைன் பேப்பர்களைவிடப் பாஸ் பண்ணுவது சுலபம் என்று சீனியர்கள் சொன்னதுதான் காரணம். இப்போது திருநகர், விளாச்சேரி, நாகமலைப் பக்கம் வீடுகள் கட்டிக்கொடுக்கிறேன். நான்கு ஆண்டு படித்ததில் தினமும் கைக்கு வருவது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்தப் பாடத்தைத்தான் சொல்வேன். ஆனால் அது கைக்கு வரக் கொஞ்ச காலம் ஆனது.

வகுப்பில் பெரும்பாலும் நெட்வொர்க் கணக்குதான், அதாவது எந்த வேலை முடிந்து எது தொடங்கும் என்று படம் போட்டு நாள் கணக்கிடுவது. வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, முன்னால் கூட்டிக்கொண்டே போய், பின்னாலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கிரிட்டிக்கல் பாத்தை (ஒரு நாள் பிசகினாலும் மொத்த வேலையும் தள்ளிப்போகும் வேலைவரிசையை) இரட்டைக் கோட்டால் காட்டினால் 16 மார்க். எல்லா வேலைக்கும் எத்தனை நாள் என்பது கேள்வித்தாளிலேயே அச்சடித்து வந்துவிடும். அந்த எண்களை யாரிடம், எப்படிக் கேட்டு வாங்குவது என்பதற்கு மட்டும் ஒரு வகுப்புகூட இல்லை.

நான் தனியாகப் பார்த்த முதல் வீட்டில், வேலைகளை நாள்வாரியாகப் பட்டை பட்டையாகக் காட்டும் பார் சார்ட்டை அழகாகப் போட்டு ஒட்டியிருந்தேன். அதில் 'வாசல் நிலை வைத்தல் - அரை நாள்' என்று ஒரு வரி. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தை வீட்டுக்காரர் குறித்துக் கொடுத்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் ஆசாரி பட்டறைக்குப் போய்ப் பார்த்தால், வேம்பு அறுத்துக் கிடக்கிறது, ஒரு பக்கத்துக் கால் மட்டும்தான் இழைத்திருக்கிறது. "இன்னும் ஆறு நாள் குடுங்க தம்பி" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நிலை செய்ய மூன்று வாரம் வேண்டும் என்பதை என் சார்ட்டில் ஓர் இடத்திலும் நான் எழுதவில்லை. ஆர்டரையே பத்து நாள் தாமதமாகத்தான் கொடுத்திருந்தேன்.

அது ஆடியில் எதையும் தொடங்காத குடும்பம். நிலை வைக்காமல் சுவரை எழுப்பவும் சம்மதிக்கவில்லை. ஆக, ஆசாரி கேட்ட 6 நாள், ஆவணி முகூர்த்தம் வரைக்கும் இழுத்து 40 நாளாகிவிட்டது. கொத்தனார்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள், திரும்பக் கூட்டிவர இன்னும் ஒரு வாரம். வீட்டம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகை வீட்டை இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்க வேண்டும் என்று அவர் போனில் ஹவுஸ் ஓனரிடம் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் என் காதில் விழுந்தது. இன்றைக்கும் அது மறக்கவில்லை.

அன்று ராத்திரி பழைய நோட்டை எடுத்தேன். பார் சார்ட்டில் எந்த வேலை எப்போது என்று தெரியும். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது நெட்வொர்க் படத்தில்தான் தெரியும். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சார்ட் தாளில் வட்டமும் அம்பும் போட்டு சைட் ஷெட்டில் ஒட்டுகிறேன். ஆசாரி பட்டறை, ஜன்னல் கிரில், இ.பி. கனெக்‌ஷன், டைல்ஸ் தேர்வு என்று சைட்டுக்கு வெளியே நடப்பது அத்தனைக்கும் தனி வட்டம் உண்டு. பிள்ளைகளிடம் காட்டிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளும் நாட்களுக்கும் ஒரு வட்டம்.

இந்த கிரிட்டிக்கல் பாத் முறை 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் உருவானது. ரசாயன ஆலை கட்டும் வேலைக்கும், ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் வேலைக்கும் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் (PERT) என்ற இன்னொரு நெட்வொர்க் முறையைக் கொண்டுவந்தது. முன்னே பின்னே செய்து பார்க்காத வேலை என்பதால், ஒரே எண்ணுக்குப் பதில் மூன்று எண் கேட்டார்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், மோசமாகப் போனால் எத்தனை நாள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்.

பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்தச் சூத்திரம்தான் எனக்கு அதிகம் உதவியது. மேஸ்திரியிடம் "அண்ணே, லிண்டல் மட்டம் எப்ப வரும்?" என்று, அதாவது சுவர் கதவு, ஜன்னல் மேல்மட்டத்துக்கு எப்போது வரும் என்று கேட்டால் "பத்து நாள்ல முடிச்சிரலாம் தம்பி" என்பார். எல்லா வேலைக்கும் அதே பத்து நாள். இப்போது மூன்றாகக் கேட்கிறேன். "ஆளும் கல்லும் தட்டில்லாம வந்தா?" ஏழு. "வழக்கமா?" பத்து. "ரொம்ப இழுத்துச்சுன்னா?" அப்போதுதான் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு உட்கார்ந்து யோசிப்பார். "ஊர்ல சாமி கும்பிட ஆரம்பிச்சுட்டாங்கன்னா நம்மாளுக எட்டு நாளைக்கு வரமாட்டாங்க. இருபத்தஞ்சு வச்சுக்கங்க." கணக்குப் போட்டால் 12 நாள் வரும். அந்த 12 பெரிய விஷயமில்லை. ஊரில் சாமி கும்பிடு வரப்போகிறது என்பது மூன்றாவது கேள்விக்குத்தான் வெளியே வந்தது.

பாடத்தில் வாரத்துக்கு 6 நாள் வேலை என்று போட்டுக்கொள்வோம். மதுரையில் அது நடக்காது. தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக்கே பொங்கல் வாரம் போய்விடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும்வரை தேடினாலும் ஆள் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வெளிப்பூச்சு வைத்தால் மழை கெடுத்துவிடும். அதனால் முதலில் தினசரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடக்காத நாட்களை அடித்துவிட்டுத்தான் வட்டமே போடுகிறேன்.

படம் வீட்டுக்காரருக்கும் உதவுகிறது. தளம் போட்டபின் ஒரு வாரம் ஆளே இல்லாமல் சைட் கிடந்தால் யாருக்கும் பதற்றம் வரும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, சாதாரண சிமெண்டில் தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். ஆளைக் கூட்டிக் குறைக்க முடியாத நாட்கள் இவை. படத்தில் அதற்கும் வட்டம் இருப்பதால் யாரும் இப்போது போன் போட்டுக் கோபப்படுவதில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலையைப் பிரித்து நடத்தும் ஸ்கிரம், அஜைல் முறைகள் எல்லாம் எங்கள் பாடத்தில் கிடையாது. வடபழஞ்சி எல்காட் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் சித்தி மகள் சொல்லித்தான் தெரியும். தினமும் 15 நிமிடம் கூடிப் பேசுவார்களாம். காலை டீயோடு சைட்டில் அதைத் தொடங்கினேன். இன்றைக்கு என்ன வேலை, எது தடுக்கிறது, இரண்டே கேள்வி. மூன்றாம் நாள், தளத்துக்குத் தண்ணீர் விடும் அக்கா சொன்னார்: "மோட்டார் ரெண்டு நாளா சரியா இழுக்கல சார், குடத்துலதான் ஊத்துறேன்." க்யூரிங் (கான்கிரீட் இறுக ஈரமாக வைத்திருப்பது) பாதிதான் நடந்திருக்கிறது. அதுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை.

செலவான பணத்தையும் முடிந்த வேலையின் மதிப்பையும் ஒப்பிடும் ஏர்ண்டு வேல்யூ பகுதியை அப்போது வெறுத்தேன். இப்போது பில் போடும்போதெல்லாம் தேவைப்படுகிறது. தளம் போட்டதும் வீடே முடிந்த மாதிரி தெரியும். பூச்சு, ஒயரிங், டைல்ஸ், பெயிண்ட் அத்தனைக்கும் செலவு இனிமேல்தான். 'எவ்வளவு செலவானது' என்பதையும் 'எவ்வளவு வேலை முடிந்தது' என்பதையும் தனித்தனியாக எழுதிக் காட்டினால் வீட்டுக்காரர் லோன் தவணையைச் சரியாகத் திட்டமிடுகிறார். சாஃப்ட்வேர் லேபில் கற்றதை மட்டும் நான் தொடவே இல்லை, எக்செல் போதுமாக இருக்கிறது.

இப்போது கல்லூரியில் சேர்கிறவர்கள் இந்தப் பாடத்தைத் தாராளமாக எடுக்கலாம். முடிந்தால் ஒரு லீவில் இரண்டு மாதம் சைட்டில் நின்றுவிட்டு எடுங்கள். அசைன்மெண்டுக்குப் புத்தகக் கணக்கை எடுக்காதீர்கள். வீட்டில் அக்கா கல்யாணமோ காதுகுத்தோ வந்தால் அதற்கு நெட்வொர்க் போடுங்கள். சமையல்காரரிடமும் பந்தல்காரரிடமும் நீங்களே போய் மூன்று எண் கேட்டு வாங்கி எழுதுங்கள்.