8 அடி குல்மோகர் கன்றைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்

வாசலில் நிழல் வேண்டும், கோடையில் குடை விரித்த மாதிரி சிவப்பாகப் பூக்க வேண்டும், என் ஆசை அவ்வளவுதான். நர்சரியில் 8 அடி உயரக் கன்று ஒன்றைக் காட்டி, "ஒட்டுக்கன்று சார், அடுத்த வருஷமே பூத்துடும், வேர் நேரா கீழே போகும், சுவர் ஓரத்துலயே வைக்கலாம்" என்றார்கள். பக்கத்திலேயே 2 அடிக் கன்றுகளும் இருந்தன. நான் உயரத்தைப் பார்த்துவிட்டுப் பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சொன்ன மூன்றுமே பொய். தண்டில் ஒட்டுப் போட்ட தழும்பே இல்லை, வெறும் விதைக்கன்று. விதையிலிருந்து வரும் குல்மோகர் பூக்க 5 வருஷமாவது ஆகும், 10 வருஷம் காக்க வைப்பதும் உண்டு. அதன் வேர் மேலாகப் பரவி நடைபாதைக் கல்லையே தூக்கிவிடும். சுவர், குழாய், தொட்டி எதிலிருந்தும் 30 அடியாவது தள்ளித்தான் வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருஷம் தழைத்துத்தான் வளர்ந்தது. முட்டுக்கொம்பை எடுத்தால் மட்டும் அடியோடு ஆடும். ஒருநாள் மழையோடு அடித்த காற்றில் சாய்ந்துவிட்டது, பெரிய புயல் ஒன்றும் இல்லை. வேரைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பிளாஸ்டிக் பையின் வடிவம் அப்படியே இருந்தது! பையை எப்போதோ எடுத்தாயிற்று, ஆனால் வேர்கள் அதே உருளைக்குள் கயிறு சுற்றியது போலச் சுருண்டு, அதில் ஒன்று அடித்தண்டையே இறுக்கிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் விற்காமல் சின்னப் பையிலேயே கிடந்த கன்றைத்தான், உயரமாக இருக்கிறதே என்று நான் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். போன் செய்தால் "தண்ணீ அதிகமா விட்டிருப்பீங்க" என்றார்கள். மறுமுறை எடுக்கவே இல்லை.

அதே இடத்தில் குல்மோகர் என்று வாங்கிய என் மச்சானுக்குப் பூத்தது மஞ்சள்! அது இயல்வாகை, பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். நல்ல நிழல் மரம்தான், கேட்டது அது இல்லையே. இலையைப் பார்த்து ஏமாறுவது சுலபம், இரண்டுக்கும் ஒரே மாதிரி சின்னச் சின்ன இலை. ஆனால் இயல்வாகையின் இளங்குருத்து துருப்பிடித்த நிறத்தில் வெல்வெட் போல இருக்கும், குல்மோகரில் பச்சையாக இருக்கும்.

ஆகவே வாங்கும்போது கன்றைக் கட்டியிருக்கும் கொம்பை அவிழ்க்கச் சொல்லுங்கள், தானாக நிற்கவில்லையென்றால் வேண்டாம். பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். முனகுவார்கள், பரவாயில்லை. லேசாகச் சுற்றியிருந்தால் அந்த வேர்களை வெட்டி விரித்து நட்டுவிடலாம். பென்சில் தடிமனில் சுருண்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நான் இப்போது வேறு இடத்தில் 2 அடிக் கன்று வாங்கி, சுவரை விட்டுத் தள்ளி நட்டிருக்கிறேன். என் தோள் உயரம் வந்திருக்கிறது, கொம்பில்லாமல் நிற்கிறது. நிழலுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன.