மீன்தொட்டி விளக்கு மக்கர் பண்ணினால்: ட்யூப்லைட்டா, எல்.இ.டி.யா?

எந்த விளக்கானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

சோக், ஸ்டார்ட்டர் வைத்த பழைய ட்யூப்லைட்டில் பாதிக் கோளாறு பார்த்தாலே தெரிந்துவிடும். முனைகள் கன்னங்கரேலென்று கறுத்திருந்தால் ட்யூப்பின் ஆயுள் முடிந்தது. முனைகள் மட்டும் விடாமல் ஒளிர்ந்து நடுப்பகுதி எரியாவிட்டால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் மாற்றியும் எரியவில்லையா? சோக்கையும், ஈரத்தில் பச்சை பூத்த ஹோல்டர் பின்களையும் பாருங்கள். உதிரி பாகம் மலிவுதான். ஆனால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே 230 வோல்ட் ஓடுகிறது, அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

எல்.இ.டி.யில் பெரும்பாலும் அடாப்டர் 12 வோல்ட்டாகக் குறைத்துத்தான் அனுப்பும். அளக்க மட்டும் அடாப்டரை மறுபடி செருகி, மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) டி.சி.யில் வைத்து, விளக்கோடு சேரும் முனையான ஜாக்கில் அளந்தால் 12 வரவேண்டும்; வராவிட்டால் அடாப்டர் போச்சு. புதிது வாங்கும்போது வோல்ட்டும் பிளஸ்-மைனஸும் அதேபோல் இருக்கட்டும், ஆம்பியர் கூடலாம், குறையக்கூடாது. வோல்ட் சரியாக வந்தும் எரியாவிட்டால் ஜாக்கின் துரு, இல்லையேல் உள்ளே ஈரம். 12 வோல்ட் பட்டையில் மும்மூன்று பல்பாக அணைந்தால் அந்தத் தொடரில் ஒன்று செத்திருக்கும். சீல் வைத்த விளக்கென்றால் மொத்தமாக மாற்றவேண்டியதுதான், செலவு அதிகம்.

என் ஓட்டு எல்.இ.டி.க்கே. அப்புறம், வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.