சிங்கப்பூரில் இறங்கியதும் அவுட்கோயிங் போகவில்லையா? எந்த சிம் எங்கே மாட்டிக்கொள்கிறது

சிக்னல் முழுதாக இருக்கும், நெட் ஓடும், எண்ணை அழுத்தினால் மட்டும் இரண்டே நொடியில் கட் ஆகும். போனை அணைத்துப் போடுவதற்கு முன், உள்ளே இருப்பது எந்த வகை சிம் என்று பாருங்கள். ரோமிங்கில் இருக்கும் ஊர் சிம், கால்பேக் முறைப் பயண சிம், டேட்டா மட்டும் தரும் இ-சிம், அங்கேயே வாங்கும் லோக்கல் சிம் என ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

முதலில் எண். 0 பொத்தானை அழுத்திப் பிடித்தால் + வரும். அதன்பின் நாட்டுக் குறியீடு, பிறகு எண். இந்திய எண்ணுக்கு +91க்குப் பின் 0 வரக்கூடாது. மலேசியாவின் 012 தொடக்கமுள்ள எண் +6012 ஆகும். சிங்கப்பூர் எண்கள் +65உம் எட்டு இலக்கமும்தான். ஊர் சிம்மில் இருந்தபோது 10 இலக்கமாகச் சேமித்த எண்கள்தான் வெளிநாட்டு சிம்மில் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

ஊர் சிம்மில் ரோமிங் பேக் போட்டும் கால் போகவில்லையென்றால் *#331# அழுத்துங்கள். சர்வதேச அழைப்புத் தடை இருந்தால் திரையில் தெரியும். அடுத்து, பேக் எந்த நெட்வொர்க்கில் செல்லும் என்று பார்த்து அதையே கையால் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான பேக்குகளில் உள்ளூர் எண்ணும் இந்திய எண்ணும்தான் அடங்கும். சிங்கப்பூரிலிருந்து மலேசிய எண்ணை அழைத்தால் அது தனிக்கட்டணம்; பேலன்ஸ் இல்லையென்றால் கால் போகாது.

கால்பேக் சிம்தான் அதிகம் குழப்புவது. எண்ணை அழுத்தியதும் திரை மூடிவிடும். அது கோளாறு அல்ல. கோரிக்கை சர்வருக்குப் போய், சிறிது நேரத்தில் உங்கள் போனே மணியடிக்கும். எடுத்தால்தான் மறுமுனை இணையும். பொறுமையிழந்து மறுபடி அழுத்தினால், திரும்பி வரும் கால் உங்கள் லைனை பிஸியாகக் காணும். ஐபோனில் தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஸ்பேம் தடுப்பு ஆப்களும் இந்தக் காலைத் தடுத்துவிடும். ஊரில் இருப்பவருக்கு ஏதோ வெளிநாட்டு எண் தெரிவதால் மோசடி என்று எடுக்காமல் விடலாம். முன்பே ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் கோரிக்கை பல சிம்களில் யுஎஸ்எஸ்டி (*, # குறியீடுகளால் நெட்வொர்க்கோடு பேசும் முறை) வழியாகப் போகும். அது 2ஜி, 3ஜி காலத்து ஏற்பாடு. சிங்கப்பூர் 2017இல் 2ஜியையும் 2024இல் 3ஜியையும் நிறுத்திவிட்டது. யுஎஸ்எஸ்டி போகவில்லையென்றால் நிறுவனத்தின் ஆப் வழியாக முயலுங்கள்.

அதே காரணத்தால் ஊர் சிம்மும் தடுமாறும். வோல்ட்டி (4ஜியிலேயே கால் பேசும் வசதி) இல்லாத போன், கால் செய்யும் நொடியில் 3ஜிக்கு இறங்கப் பார்க்கும். அங்கே 3ஜியே இல்லை. நெட் ஓடியும் கால் கட் ஆவது இதனால்தான். மலேசியா 3ஜியை 2021 இறுதியில் நிறுத்தினாலும் 2ஜியை விட்டுவைத்தது. அதனால் சிங்கப்பூரில் ஊமையாக இருந்த போன் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் பேசலாம். சிம் செட்டிங்கில் வோல்ட்டியை இயக்குங்கள். கால் நடக்கும்போதும் 4ஜி குறி மாறாமல் நின்றால் சரியாகிவிட்டது.

டேட்டா இ-சிம்மில் தேட எதுவுமில்லை: அதற்கு அழைப்பு எண்ணே கிடையாது. வாட்ஸ்அப்பில் பேசலாம், ஹோட்டல் லேண்ட்லைனைக் கூப்பிட முடியாது. இரட்டை சிம் போனில் கால் தானாக ஊர் சிம் வழியாகப் போய்ப் பேலன்ஸைத் தின்னும், கவனம். துபாய் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே லோக்கல் சிம்மில் வாட்ஸ்அப் கால் தடுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு வாரத்துக்கு மேல் தங்கி, உள்ளூர் எண்களை அடிக்கடி அழைப்பவருக்கு லோக்கல் சிம்தான் நல்லது. பாஸ்போர்ட் காட்டி வாங்கி, கடையை விட்டு நகருமுன் அங்கிருந்தே ஒரு உள்ளூர் காலும் ஒரு இந்தியக் காலும் போட்டுப் பாருங்கள்; சர்வதேச அழைப்புக்குத் தனி முன்னெண் உண்டா என்றும் கேளுங்கள். ஊர் சிம்மை வங்கி ஓடிபிக்காக இரண்டாவது ஸ்லாட்டில், டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்திருங்கள்.