ஒரே பத்து விநாடி, மூன்று வழி: அனிமேஷனை எதில் தொடங்குவது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னை ஒரு பேச்சில் "அண்ணா" என்பார்கள், அடுத்த பேச்சில் "சேட்டா" என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் கேள்வி ஒன்றுதான். "அனிமேஷன் கத்துக்கணும், எந்த சாஃப்ட்வேர் போடறது?"

சாஃப்ட்வேரை அப்புறம் பார்க்கலாம், முதலில் எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள் என்பது என் கட்சி. புதியவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படமாகக் கையால் வரைவது ஒன்று. உருவத்தைத் துண்டுகளாக வெட்டி, மூட்டு வைத்து ஆட்டுவது இன்னொன்று. மூன்றாவது, முப்பரிமாணத்தில் உருவம் செய்து அசைப்பது. மூன்றிலும் இடுப்பு ஒடியும். எந்த இடத்தில் ஒடியும் என்பதில்தான் வித்தியாசம்.

சரி, ஒரே காட்சியை மூன்றிலும் போட்டுப் பார்ப்போம். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஒரு தென்னை ஆடுகிறது, ஒரு தேங்காய் விழுகிறது, கீழே மேய்ந்த ஆட்டுக்குட்டி துள்ளி ஓடுகிறது. மொத்தம் பத்து விநாடி.

கையால் வரைந்தால்

சினிமாக் கணக்கில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் கண் ஒப்புக்கொள்ளும் என்பதால் விநாடிக்கு 12 படம் போதும். பத்து விநாடிக்கு 120. கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் எல்லாம் எந்நேரமும் அசைவதில்லை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து தேங்காய் தரையைத் தொட ஏறக்குறைய 1.4 விநாடிதான் ஆகும். அதற்கு 17 படம் வரைந்தால் முடிந்தது.

அந்த 17 படத்தில் ஒரு பாடமே இருக்கிறது. முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி ஒரு பங்கு என்றால், அடுத்தடுத்த இடைவெளிகள் மூன்று, ஐந்து, ஏழு பங்கு என்று விரிந்துகொண்டே போக வேண்டும். எல்லா இடைவெளியையும் சமமாக வைத்தால், யாரோ தேங்காயைக் கயிறு கட்டி இறக்குவதுபோல் இருக்கும். இதை ஒரு தடவை கையால் வரைந்து ஏமாந்தவருக்கு ஆயுளுக்கும் மறக்காது.

தென்னை ஓலையும் அப்படித்தான். காற்று அடித்ததும் மட்டை முதலில் போகும், கீற்று நுனி பின்னால் இழுபட்டு வரும். மட்டை திரும்பத் தொடங்கிய பிறகும் நுனி இன்னும் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். பக்கத்திலேயே நிற்கும் கரும்பனையைப் பாருங்கள். விறைப்பாக நின்று படபடக்கும், அவ்வளவுதான். டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தொகுத்துக் கொடுத்த 12 அனிமேஷன் கொள்கைகளில் இந்தப் பின்னிழுப்பும் ஒன்று. எங்கள் ஊரில் அதற்கு வகுப்பு வேண்டாம், ஆடி மாதம் வாசலில் உட்கார்ந்தால் போதும்.

கருவி என்று பார்த்தால் கிரிட்டா இலவசம். 2016இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அனிமேஷன் வசதி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் என்றால் பென்சில்2டி இன்னும் இலகு. இரண்டிலும் ஆனியன் ஸ்கின் உண்டு, அதாவது முந்தைய படம் அடியில் மங்கலாகத் தெரியும். அதே 2016இல் இலவசமாக வெளிவந்த ஓப்பன்டூன்ஸ் இவற்றைவிடப் பெரிய கருவி. ஜப்பானின் கிப்ளி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் என்ற சாஃப்ட்வேர்தான் அதற்கு அடிப்படை. அந்தப் பெருமைக்காக அதில் தொடங்காதீர்கள். சன்னல்களும் பட்டன்களும் முதல் வாரத்திலேயே விரட்டிவிடும்.

இந்த வழியின் குறை உருவம் நிலைக்காததுதான். முதல் படத்தில் குட்டியாக இருக்கும் ஆடு, நாற்பதாவது படத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வந்து நிற்கும்.

மூட்டு வைத்தால்

ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கத்துக் கோயில்களில் தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெள்ளைத் துணிக்குப் பின்னால் 21 விளக்கு. தோலில் வெட்டிய பாவை. பாடுவது நம் கம்பன் பாட்டு, அதுவும் மலையாளக் கரையில். பாவையில் பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். தோளில் ஒரு முடிச்சு, முழங்கையில் ஒரு முடிச்சு. ஆனாலும் ராவணன் கோபப்படுவது தெரியும். எதை அசைக்காமல் விடுவது என்பதும் அனிமேஷன்தான் என்று நான் புரிந்துகொண்டது அங்கே.

கணினியில் அந்த முடிச்சுக்குப் பெயர் பிவட். ஆட்டுக்குட்டியைத் தலை, கழுத்து, உடல், காலுக்கு இரண்டு துண்டு, வால் என்று தனித்தனியாக வரைய வேண்டும். மூட்டு வரும் இடத்தில் ஒவ்வொரு துண்டையும் வட்டமாக வரைந்து, ஒன்று மற்றதன் அடியில் நுழையும்படி வைக்க வேண்டும். இதை விட்டால் கால் மடங்கும்போது இடுக்கு தெரியும். நானும் முதலில் மாட்டியது இங்கேதான். பிறகு எது எதைத் தொடர்ந்து நகர வேண்டும் என்று சங்கிலி கட்டினால் ரிக், அதாவது ஆட்டுவதற்கு மூட்டு வைத்த உருவம், தயார். அதே பத்து விநாடிக்கு இங்கே ஒரே ஆடுதான் வரைகிறோம், அது வீங்காது, சுருங்காது. தொலைக்காட்சித் தொடர்களின் நீளத்துக்கு இந்த முறைதான் கட்டுப்படியாகும்.

கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்தொடக்கம் உண்டு. பழைய பத்தாம் வகுப்புப் பாடத்தில் சின்ஃபிக் என்ற இலவச அனிமேஷன் சாஃப்ட்வேர் இருந்தது, உயர்நிலைப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் என்ற கணினிக் கிளப்பிலும் அனிமேஷன் சொல்லித் தருகிறார்கள். சித்தூர் வட்டத்தில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) தமிழ்வழியில் படித்தவர்களில் பலர், படித்ததையே மறந்துவிட்டு என்னிடம் சாஃப்ட்வேர் பெயர் கேட்கிறார்கள்.

ஆனால் இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு நிலைகளைக் கொடுத்தால் நடுவிலுள்ளதைக் கணினியே போட்டுவிடும். சும்மா விட்டால் சில கருவிகள் அதைச் சமவேகத்தில் போடும். ஆடு துள்ளாது, தண்ணீருக்குள் நீந்தும். எந்த நேரத்தில் எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் வளைகோட்டைத் திருத்தி, தொடக்கத்தை மெதுவாக்கி நடுவை விரைவாக்கத் தெரிய வேண்டும். கையால் தேங்காய் வரைந்து ஏமாந்தவருக்கு அந்த வளைகோடு பார்த்ததும் புரியும். மற்றவர்கள் அதைக் கண்டு பயப்படுவார்கள். இன்னொன்று, ஆடு நம் பக்கம் முகம் திருப்ப வேண்டுமென்றால் மூட்டு உதவாது. திரும்பிய தலையைப் புதிதாக வரைந்துதான் ஆக வேண்டும்.

முப்பரிமாணத்தில்

எல்லாருக்கும் ஆசை இதில்தான், ஆசைப்படக் காரணமும் இருக்கிறது. 2002இல் ஒரு லட்சம் யூரோ திரட்டி எல்லாருக்குமாக விடுவிக்கப்பட்ட ப்ளெண்டர் என்ற சாஃப்ட்வேர் இன்றும் இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியப் படம் அதில் செய்ததுதான்.

ஆனால் நம் ஆட்டுக்குட்டியைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் உருவம் செய்ய வேண்டும், பிறகு தோலும் நிறமும், பிறகு எலும்பு வைத்து உடலோடு இணைக்க வேண்டும். அசைப்பது அதற்கு அப்புறம்தான் வரும். அதுவரை பொறுமை இருப்பவர் குறைவு. யூட்யூப் பார்த்து, ப்ளெண்டர் பழகுபவர்கள் பலரும் முதலில் செய்யும் அந்த டோனட்டைச் செய்தவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள், அந்த டோனட்டை உருட்டிவிட்டவர் ஒருவர்கூட இல்லை.

முடித்தாலும் ரெண்டர் பாக்கி இருக்கிறது, அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் கணினி முழுப் படமாக்கும் வேலை. பத்து விநாடிக்கு 240 ஃபிரேம். ப்ளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சினில் ஒரு ஃபிரேமுக்கு இரண்டு நிமிடம் பிடித்தால் மொத்தம் 480 நிமிடம், எட்டு மணி நேரம். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குக் கரண்ட் போகும். அதனால் நேராக வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள்; தனித்தனி பிஎன்ஜி படங்களாக எடுங்கள். நின்ற இடத்திலிருந்து தொடரலாம். அவசரத்துக்கு அதிலேயே ஈவீ என்ற வேகமான எஞ்சின் இருக்கிறது; வெளிச்சத்தின் நயம் கொஞ்சம் குறைந்தாலும் பழகுவதற்கு அதுவே தாராளம்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ப்ளெண்டர் ஸ்டுடியோ தன் கதாபாத்திர ரிக்குகள் சிலவற்றை இலவசமாகத் தருகிறது. ஒன்றை இறக்கி, உருவம் செய்யும் வேலையைத் தாண்டி, நேராக நடக்க வையுங்கள். உங்களுக்குப் பிடித்தது அசைவா சிற்பமா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சிற்பம்தான் என்றால் நீங்கள் மாடலர். அதுவும் நல்ல தொழில்தான்.

கருவியும் காசும்

மூட்டு வழிக்கும் முப்பரிமாணத்துக்கும் மவுஸ் போதும். கையால் வரைய மவுஸ் உதவாது. திரை இல்லாத பென் டேப்லெட் ஒன்று வாங்கினால் போதும். கை ஒரு இடத்திலும் கண் வேறு இடத்திலும் இருப்பது பழகச் சில நாள் பிடிக்கும். ப்ளெண்டருக்கு 8 ஜிபி ராம் குறைந்தபட்சம் என்கிறார்கள், அது தொடங்கத்தான். கம்ப்யூட்டரே இல்லையென்றால் போனில் ஃபிளிப்பாகிளிப். இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் விழும், வரையும் இடத்தை விரலே மறைக்கும். ஆனால் தேங்காய்ப் பாடத்தை அதிலும் முழுசாகப் படிக்கலாம்.

வகுப்பில் சேருவதா என்றால், என் கதையைச் சொல்கிறேன். ஒரு நகரத்துப் பயிற்சி மையத்தில் பணம் கட்டி ஆறு மாதம் பஸ்ஸில் போய் வந்தேன். எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மட்டும் சொல்லித் தந்தார்கள். ஒரு பந்து எதற்காக எழும்பி விழுகிறது என்று ஒரு நாளும் பேசவில்லை. அதனால் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: "போன வருட மாணவர்கள் முடித்த காட்சிகளைக் காட்டுங்கள்." மாணவர் வேலைக்குப் பதில் சாஃப்ட்வேர் பெயர்ப் பட்டியலைக் காட்டினால் அடுத்த பஸ் பிடித்துவிடலாம்.

என் வரிசை இதுதான்: ஒரு மாதம் கையால், போனோ கிரிட்டாவோ பரவாயில்லை. அதன் பிறகு வரைவதில் சலிப்பு வந்தவர்கள் மூட்டுக்குப் போகலாம், முப்பரிமாணத்தில் கற்பனை ஓடுபவர்கள் ப்ளெண்டருக்குப் போகலாம். வரையவே வராது என்பவர்களும் முதல் மாதத்தைத் தவிர்க்க வேண்டாம். அரிசி மூட்டை வரையத் தெரிந்தால் போதும், அது குதித்தால் சரி.

பக்கத்து வீட்டு அக்காவும் தம்பியும் இப்போது இரண்டு வழியில் போகிறார்கள். அக்கா சின்ஃபிக்கில் ஆட்டுக்கு மூட்டு வைத்து முடித்துவிட்டாள், வளைகோட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பி போனில் 46 படம் வரைந்திருக்கிறான். ஓட ஓட ஆடு பெரிதாகிறதே என்று கேட்டேன். "இல்லண்ணா, அது கேமரா பக்கமா ஓடி வருது" என்றான்.