சாயம் போகாது என்று சொல்லி விற்ற சிவப்பு நூல்

எம்ப்ராய்டரி நூலை இன்ஸ்டாகிராம் பக்கங்களில் பெட்டிப் பெட்டியாக வாங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் இன்று ராத்திரி ஹூப்பை (துணியை இழுத்துப் பிடிக்கிற வளையத்தை) கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வந்தது போலி நூல். மேலே பெரிய கம்பெனியின் பெயரும் நிற எண்ணும் அச்சடித்த தாள் பட்டை இருந்தது. உள்ளே இருந்த நூலில் தண்ணீர் பட்டதும் சாயம் ஓடியது. போன பணம் 1,180 ரூபாய். அது மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த நூலால் துணியில் தைத்த ஒன்பது கோலங்கள் கெட்டன. ஒரு கோலத்துக்கு எனக்கு ஒன்பது நாள் ஆகும். கிட்டத்தட்ட மூன்று மாத ராத்திரிகள்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவின் பருத்திப் புடவைகளை அக்காவும் நானும் பங்கு போட்டபோது, நைந்துபோய் இனிமேல் கட்ட முடியாதவற்றை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு சுங்குடி, ஒரு செட்டிநாட்டுக் கண்டாங்கி, சின்னாளப்பட்டிப் புடவை மூன்று. அக்கா மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். அவள் அம்மாச்சி மடியிலேயே வளர்ந்த பிள்ளை. அந்தப் புடவைகளில் அவளுக்கு ஒரு குவில்ட், அதாவது துணிச் சதுரங்களை இணைத்துத் தைக்கிற போர்வை, தைத்துக் கொடுக்க வேண்டும் என்று போன வருடமே முடிவு செய்துவிட்டேன்.

பன்னிரண்டு அங்குலச் சதுரங்கள் மொத்தம் முப்பது, குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு. பாதிச் சதுரங்கள் புடவைத் துணி. மீதிப் பதினைந்தும் வெள்ளைப் பாப்ளின், அதில் மார்கழியில் அம்மா வாசலில் போடும் புள்ளிக் கோலங்கள். அம்மாவின் கோல நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 1987 டைரி ஒன்றில் பென்சிலால் போட்டது. சில பக்கங்களில் எண்ணெய்க் கறை கூட இருக்கும். புள்ளிகளை பிரெஞ்ச் நாட் முடிச்சாகவும், கோடுகளை இரண்டு இழையில் சங்கிலித் தையலாகவும் போட்டேன். முழுக்க ஒரே சிவப்பு.

ஏன் சிவப்பு என்று சிலர் கேட்டார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் மட்டும் தைக்கிற வேலைக்கு ரெட்வொர்க் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு தைத்தார்கள். தலையணை உறை, கை துடைக்கிற துண்டு, குவில்ட் எல்லாம் அதில்தான். அது பரவியதற்கு முக்கியக் காரணமே டர்க்கி ரெட் என்ற அந்தச் சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்பதுதான். அதற்கெல்லாம் முன்பே நம் சோழமண்டலக் கரையில் சாயவேர் என்ற சின்னச் செடியின் வேரிலிருந்து துவைத்தாலும் நிற்கிற சிவப்பை எடுத்தார்கள். அந்தச் சிவப்பு ஏறிய துணிகள் கப்பலேறிப் போயின. துவைத்தாலும் நிற்கும் என்ற நம்பிக்கையில் காலம் காலமாக மனிதர்கள் தேர்ந்தெடுத்த நிறம் அது. நானும் அந்த நம்பிக்கையில்தான் எடுத்தேன்.

முதல் ஆறு கோலங்களுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் நான் பதினோரு வருடமாக நூல் எடுக்கிற கடையிலேயே வாங்கினேன். ஏழாவது தொடங்கும்போது அந்த எண் தீர்ந்துவிட்டது. "பத்து நாள் பொறும்மா, சரக்கு வந்துரும்" என்றார் கடைக்காரர். நான் பொறுக்கவில்லை. தை மாதம் கண்முன்னால் நின்றது. அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. அழகான படங்கள், ஏகப்பட்ட ஃபாலோயர்கள், கமெண்டில் நன்றி சொல்லி இதயங்கள். அதே கம்பெனி, அதே எண், கடை விலையில் ஏறக்குறைய பாதி. "சாயம் போகாது மேடம், ஹண்ட்ரட் பர்சன்ட் கேரண்டி" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள். சிவப்பு மட்டும் 24 கண்டு, பல நிறங்கள் கலந்த 100 கண்டுப் பெட்டி ஒன்று, கூரியரோடு சேர்த்து 1,180. ஜிபேயில் அனுப்பினேன். நான்கே நாளில் வந்துவிட்டது.

நூல் வேறு மாதிரி இருக்கிறது என்று கை முதலிலேயே சொன்னது. நல்ல நூலில் ஆறு இழை இருக்கும். ஒரு இழையை மட்டும் பிடித்து மேலே இழுத்தால் மற்ற ஐந்தும் கீழே சுருங்கி, இழை வழுக்கிக்கொண்டு தனியாக வரும். இது வரவில்லை. பிசிறு பிடித்து மற்ற இழைகளையும் கூட இழுத்து முடிச்சு விழுந்தது. ஊசிக் காதில் தேய்ந்து தேய்ந்து பாதியில் அறுந்தது. ஊசிதான் சரியில்லை என்று நினைத்து ஒன்பதாம் நம்பரை விட்டு, காது பெரிதான ஏழாம் நம்பருக்கு மாறினேன். மெர்சரைஸ் செய்த (காரக் கரைசலில் ஊறவைத்து மெருகேற்றிய) பருத்திக்கு ஒரு பளபளப்பு உண்டே, அதுவும் மங்கல்தான். பழைய சதுரத்தையும் புதியதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டியூப் லைட்டில் எல்லாச் சிவப்பும் ஒன்றுதான்.

ஒன்பது கோலங்களையும் முடித்தேன். சதுரங்களை இணைப்பதற்கு முன்னால் மார்க்கர் கோடு போக வேண்டும். தண்ணீரில் அழியும் நீல பேனாவால்தான் கோலத்தை வரைந்திருந்தேன். (இந்தப் பேனாவில் வரைந்ததைத் தண்ணீரில் அலசாமல் அயர்ன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடு பட்டால் கோடு அப்படியே நின்றுவிடும்.) முதல் ஆறு சதுரங்களையும் ஏற்கெனவே பச்சைத் தண்ணீரில் அலசியிருந்தேன். நீலம் போனது, சிவப்பு அசையவில்லை. அதே தைரியத்தில் இந்த ஒன்பதையும் அகலமான வெள்ளை டப்பில் ஒன்றாகப் போட்டேன்.

அரை நிமிடம் கூட ஆகியிருக்காது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒரு சிவப்பு நூலிழை எழுந்து தண்ணீரில் வளைந்தது. முதலில் அழகாகத்தான் இருந்தது. என்ன நடக்கிறது என்று புத்திக்கு எட்டுவதற்குள் டப் முழுக்க ரோஸ். பதறிப்போய் ஒரு சதுரத்தை எடுத்தேன். அம்மாவின் பதினைந்து புள்ளிக் கோலம். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு போட்ட மாதிரி ரோஸ் நிழல் படிந்திருந்தது. வெள்ளைத் துணி வெள்ளையாக இல்லை.

கையில் கிடைத்ததையெல்லாம் செய்யத் தோன்றும். கல் உப்பு போடு, வினிகர் ஊற்று என்று இரண்டு பேர் போனில் சொன்னார்கள். திருப்பூரில் சாயப்பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்த சித்தப்பாதான் நிறுத்தினார். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற சாயத்துக்குத்தான் உதவும், பருத்தியில் ஓடுகிற சாயத்தை அது பிடித்து நிறுத்தாது என்றார். பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகு இழையில் ஒட்டாமல் மேலேயே நிற்கிற சாயம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதைக் கொதிக்கக் கொதிக்க சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி எடுக்க வேண்டும். பட்டறையில் அதற்கு சோப்பிங் என்று பேர். "அதுக்குத் தண்ணியும் செலவு, நேரமும் செலவு. விலை குறைக்கணும்னா முதல்ல அதைத்தான்ம்மா விடுவாங்க. இழையில கெட்டியா ஒட்டாத மட்டமான டைரக்ட் சாயமா இருந்தா சோப்பிங் பண்ணாலும் நிக்காது" என்றார்.

அவர் சொன்ன வழி இதுதான். எக்காரணம் கொண்டும் துணியைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் ஓடிய சாயம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், கை பொறுக்கிற சூடு, கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட். ஒரு பாத்திரத்துக்கு ஒரு சதுரம்தான். துணி முழுவதும் மூழ்கி மிதக்க வேண்டும், மடிப்பு கூடாது. தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். வீட்டில் இருந்த அண்டா, குண்டான், பக்கெட் எல்லாவற்றிலும் கோலங்கள் மிதந்தன. இரண்டு ராத்திரி, பதினொரு முறை தண்ணீர் மாற்றினேன். நான்கு சதுரங்கள் தேறின. உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு நிழல் மங்கிவிட்டது. ஐந்து தேறவில்லை. கோடுகள் நெருக்கமாக இருந்த கோலங்கள் அவை. அம்மா நன்றாகப் போடுகிற கோலங்களும் அவைதான்.

விற்றவர்களுக்குப் படம் அனுப்பினேன். முதல் நாள், "சுடு தண்ணில போட்டிருப்பீங்க அக்கா." இல்லை, பச்சைத் தண்ணீர்தான் என்று எழுதினேன். மறுநாள், "மார்க்கர் பேனா கெமிக்கல்னால இருக்கும்." அதே பேனாவில் வரைந்த ஆறு சதுரம் நன்றாக இருக்கிறதே என்று அந்தப் படத்தையும் அனுப்பினேன். "பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தாத்தான் ரிட்டர்ன்." நூலில் சாயம் போகும் என்பதைப் பெட்டியைப் பிரிக்கிற வீடியோவில் எப்படிக் காட்டுவது? அதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவது நாள் பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்டும் காணாமல் போனது. எனக்கு முன்னால் எத்தனை பேரின் கமெண்ட் இப்படிப் போனதோ. அந்தப் பக்கத்தில் நன்றிகள் மட்டுமே இருந்த காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம்தான் பட்டையை நிதானமாகப் பார்த்தேன். கடையில் வாங்கிய கண்டின் பட்டையில் நீளம், தயாரிப்பாளர் பெயர், எண் எல்லாம் கூர்மையாக அச்சாகி இருக்கின்றன. இதில் எழுத்தின் ஓரம் கசிந்திருந்தது, தயாரித்தவர் முகவரி இல்லை, விலை இல்லை, நீளமும் இல்லை. பெரிய கம்பெனிகளின் ஆறிழைக் கண்டு 8 மீட்டர் இருக்கும். இதைப் பிரித்துத் தையல் டேப்பில் அளந்தேன், ஆறே முக்கால் மீட்டர். இரண்டு இழையைக் கொளுத்தியும் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து மிருதுவான சாம்பல் மிஞ்சும். சிவப்பு அப்படித்தான் எரிந்தது. ஆனால் கலவைப் பெட்டியில் இருந்த ஊதாவும் மெஜந்தாவும் உருகி, நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகின. அவை பாலியஸ்டர். பெட்டி மேல் காட்டன் என்று போட்டிருந்தது.

புகார் கொடுத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். ஜிபே ரசீது, கூரியர் கவர், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பிளாக் ஆவதற்கு முன்பே அவர்கள் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நான் பாதிதான் எடுத்திருந்தேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் இருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு இருக்கிற சிக்கல், விற்றவரின் முகவரி எங்கேயும் இல்லை. ஆன்லைனில் விற்கிறவர்கள் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. முகவரி போடாத பக்கத்தில் நான் பணம் கட்டியிருக்கக் கூடாது. ஜிபேயில் வந்த ஒரு தனி ஆளின் பெயரும் கூரியர் கவரில் இருக்கும் ஒரு போன் நம்பரும்தான் இப்போது கையில் இருக்கின்றன.

அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த நூல் வேறு எதிலெல்லாம் போயிருக்கிறது என்று பீரோவைத் திறந்து பார்த்தேன். பாதியில் நிற்கிற வேலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொட்டில் விரிப்பில் கரும்பச்சை இலைகள், அக்கா கேட்ட மேஜை விரிப்பின் ஓரத்தில் கருநீலம். வெள்ளை காட்டன் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, தையலின் பின்பக்கம் வைத்து, ஒரு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தேன். பச்சை இறங்கியது. கருநீலமும் இறங்கியது. மஞ்சளும் இளநீலமும் இறங்கவில்லை, ஆனால் அந்த நூலை இனி நான் நம்புவதாக இல்லை. தொட்டில் விரிப்பை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. பச்சைக் குழந்தை வாயில் வைத்துச் சப்புகிற துணி. அந்த இலைகள் அத்தனையையும் அன்றைக்கே பிரித்துவிட்டேன்.

உங்களிடமும் இப்படி வாங்கிய நூல் இருந்தால் கண்டுக்கு ஒரு சாண் வெட்டி, ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துச் சூடான அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். சிவப்பு, கறுப்பு, கருநீலம், கரும்பச்சை, மெஜந்தா முதலில். நல்ல கம்பெனியின் அடர்சிவப்பு கூட சில சமயம் லேசாக இறங்கும், அதனால் பட்டையை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். தையல் தொடங்கியாகிவிட்டது என்றால் பின்பக்கத்தில் ஸ்பூனால் தேய்த்துப் பாருங்கள்.

ஐந்து கோலங்களையும் புதிதாகத் தைக்கிறேன். கறை பிடித்த பாப்ளினில் பிரித்துத் தைத்தால் நிழல் அங்கேயே இருக்கும் என்பதால் துணியும் புதிது. விளக்குத்தூண் கடையில் சரக்கு வந்துவிட்டது, கடைக்காரர் சொன்ன அதே பத்து நாளில் வந்ததாம். வேறொரு தடவை சாயம் ஏற்றிய நூல் என்பதால் பழைய ஆறு சதுரங்களுக்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரிகிறது. ஒரே பக்கமாகச் சேராமல் குறுக்காகக் கலந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. பதினைந்து புள்ளிக் கோலம் இப்போது ஹூப்பில் இருக்கிறது. புள்ளிகள் முடிந்தன, கோடு இன்று ராத்திரி தொடங்க வேண்டும்.